நைன் இஞ்ச் நெய்ல்ஸ்: கத்தலும் அமைதியும் ஒரே ஆளுடையதா?

#1 தெருவிளக்கு

2011 பிப்ரவரி 28, திங்கட்கிழமை காலை. கல்லூரி விடுதி டிவி அறையில் நிற்கக்கூட இடமில்லை. '127 அவர்ஸ்' படத்துக்காக ரகுமான் இரண்டு பிரிவுகளில் ஆஸ்கர் போட்டியில் இருந்தார். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் அதே மேடையில் எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று தமிழில் சொன்னவர். அந்தக் காட்சியை மறுபடியும் பார்க்கப்போகிறோம் என்ற நம்பிக்கையில் காலை உணவுக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தோம். பின்னணி இசைக்கான விருது 'த சோஷியல் நெட்வொர்க்' படத்துக்குப் போய்விட்டது. மேடையேறிய இரண்டு பேரையும் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ட்ரென்ட் ரெஸ்னர், அட்டிகஸ் ராஸ்.

அப்படி என்ன இசை என்று பார்க்கும் கோபத்தோடுதான் அன்று மாலை கேட்டேன். நாலைந்து பியானோ சுரங்கள், அடியில் ஏதோ ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். ஆனால் மறுநாளும் கேட்டேன், அதற்கடுத்த நாளும் கேட்டேன். பிறகு இந்த ரெஸ்னர் யார் என்று தேடியபோது 'ப்ரோக்கன்' கிடைத்தது. நைன் இஞ்ச் நெய்ல்ஸ் என்ற பெயரில் அவர் 1992-இல் வெளியிட்ட குறுந்தொகுப்பு. முதல் நிமிடத்திலேயே ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டேன். இரும்பை அறுக்கிற சத்தம், அதற்கு மேலே தொண்டை கிழியக் கத்தும் ஒருவர். அந்தப் பியானோவை வாசித்தவரும் இவரும் ஒரே ஆள் என்று நம்பவே முடியவில்லை.

இதை இத்தனை வருடம் கழித்து எழுதக் காரணம் இருக்கிறது. நைன் இஞ்ச் நெய்ல்ஸ் பற்றிப் பேசும்போது பலரும் அதை இரண்டு வாழ்க்கையாகப் பிரித்துவிடுகிறார்கள். 90-களில் கோபக்கார இளைஞர், 2010-க்குப் பிறகு விருது வாங்கும் பெரிய மனிதர் என்று. 1989 முதல் இன்றுவரை வந்த எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டுமுடித்த எனக்கு அது ஒரே வாழ்க்கை என்றுதான் படுகிறது. அந்த அமைதி தொடக்கத்திலிருந்தே உள்ளே இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 பழைய கேசட்

நல்ல கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் ஆள் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பதில் பாதி அங்கேயே இருக்கிறது.

பென்சில்வேனியா மாநிலத்தில் மெர்சர் என்றொரு சின்ன ஊர். பெற்றோர் பிரிந்ததும் ரெஸ்னர் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். சிறுவயதிலேயே முறையாகப் பியானோ கற்றார். பள்ளியில் டூபா, சாக்ஸபோன் இரண்டும் வாசித்தார். (சாக்ஸபோனை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.) அலிகெனி கல்லூரியில் கணினிப் பொறியியல் சேர்ந்து ஒரு வருடத்தில் விட்டுவிட்டு, ஓஹையோவின் கிளீவ்லாந்து நகருக்குப் போனார். அங்கே 'ரைட் ட்ராக்' ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளர் வேலை. தரை துடைப்பது, கழிவறை கழுவுவது எல்லாம் அந்த வேலையில் அடக்கம். ஆளில்லாத நேரத்தில் நீ பதிவு செய்துகொள் என்று உரிமையாளர் அனுமதி கொடுத்தார். இரவில் அங்கே உட்கார்ந்து உருவாக்கியவைதான் 1988-இல் வந்த முதல் மாதிரிப் பதிவுகள்.

தான் நினைத்தபடி வாசிக்க ஆட்கள் கிடைக்காததால் டிரம்ஸ் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் தானே வாசித்தார். டிரம்ஸுக்கு எந்திரம். ஒரு மெக்கின்டாஷ் கணினி, சத்தங்களைப் பதிந்து வாசிக்கும் ஒரு ஈமேக்ஸ் சாம்ப்ளர், ஓரிரு சிந்தசைசர்கள். 1989 அக்டோபரில் 'ப்ரெட்டி ஹேட் மெஷின்' வெளிவந்தது. பெயர் இசைக்குழுவினுடையது, உள்ளே இருந்தது ஒரே ஒரு ஆள். மேடைக்கு மட்டும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போவார். 2016-இல் அட்டிகஸ் ராஸ் சேரும்வரை அதிகாரபூர்வ உறுப்பினர் அவர் ஒருவர்தான். தெருவிளக்கு தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். ஆள் ஒன்று என்பதால் வாழ்க்கையும் ஒன்று.

#3 இரும்புக்கடை

எனக்கு இதில் அடிப்படையிலேயே ஒரு மறுப்பு உண்டு. இவர் இசையை இண்டஸ்ட்ரியல், அதாவது எந்திரச் சத்தத்தையே இசையாக்கும் பாணி, என்று சொல்வதே சரியா?

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1976-இல் லண்டனில் த்ராப்பிங் கிரிஸ்டில் குழு தொடங்கிய நிறுவனத்தின் பெயர் 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்'. பாட்டு என்ற வடிவமே வேண்டாம் என்று வந்தவர்கள் அவர்கள். 1980-இல் மேற்கு பெர்லினில் ஐன்ஸ்டுர்ட்செண்ட நொய்பௌட்டன் தொடங்கியபோது டிரம்ஸுக்குப் பதில் தகரம், குழாய், துளையிடும் எந்திரம். கட்டுமான இடத்தில் கிடந்ததை எடுத்துவந்து அடித்தார்கள். வான்கூவரின் ஸ்கின்னி பப்பி, சிகாகோவின் மினிஸ்ட்ரி எல்லாம் அதற்கடுத்த தலைமுறை.

ரெஸ்னர் செய்தது என்ன? இவர்கள் பட்டறையில் காய்ச்சிய இரும்பை எடுத்து, பல்லவி சரணம் உள்ள பாப் பாட்டுக்குச் சட்டமாக வைத்தார். 'டவுன் இன் இட்' பாடலுக்கு ஸ்கின்னி பப்பியின் ஒரு பாட்டிலிருந்து எடுத்ததை அவரே பின்னால் ஒப்புக்கொண்டிருக்கிறார். 1988-இல் அவர்களுக்கு முன்னால் மேடையேறித்தான் அவருடைய பயணமே தொடங்கியது. அவருக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. மூன்று மில்லியன் பிரதிக்கு மேல் விற்றது அவர் ஆல்பம், அடித்தளம் போட்டவர்கள் வாடகைக்கு அல்லாடினார்கள். இது எனக்கு இன்றும் வலிக்கிற விஷயம்.

#4 ஒலிப்பலகை

இரும்புக்கடை அண்ணா, வருத்தம் புரிகிறது. ஆனால் நீங்கள் சொன்ன அதே த்ராப்பிங் கிரிஸ்டிலின் பீட்டர் கிரிஸ்டோஃபர்சன்தான் 'ப்ரோக்கன்' தொகுப்புக்கான குறும்படத்தை எடுத்தவர். ரெஸ்னரின் 'குளோசர்' பாட்டுக்கு அவருடைய அடுத்த குழுவான காயில் செய்த மறுகலவையைத்தான் டேவிட் ஃபின்ச்சர் 1995-இல் 'செவன்' படத்தின் தொடக்கத்தில் வைத்தார். ரெஸ்னர் பிறகு தன் மனைவியோடு தொடங்கிய குழுவுக்கு வைத்த 'ஹவ் டு டிஸ்ட்ராய் ஏஞ்சல்ஸ்' என்ற பெயரும் காயிலின் முதல் வெளியீட்டின் பெயர்தான். எடுத்துக்கொண்டு ஓடியவர் இல்லை, அந்த வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய்வந்தவர்.

தெருவிளக்கு கேட்டதற்கு வருகிறேன். சென்னையில் ஒலிக்கலவை வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. காதால் பார்த்ததைச் சொல்கிறேன்.

'த டவுன்வர்ட் ஸ்பைரல்', 1994 மார்ச். எல்லோரும் சத்தமான ஆல்பம் என்பார்கள். அதில் 'பிக் மேன் வித் எ கன்' என்று ஒரு பாட்டு, முழுக்க வெறிக் கூச்சல். அது முடிந்த கையோடு 'எ வார்ம் ப்ளேஸ்' வரும். குரலே கிடையாது. மெல்ல ஏறி இறங்கும் சிந்தசைசர், மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இரண்டையும் பிரித்துக் கேட்டால் இரண்டுமே சாதாரணம். அடுத்தடுத்துக் கேட்டால் கண் கலங்கும். காது அடிவாங்கிச் சோர்ந்திருக்கும்போது அந்த மென்மையைக் கொண்டுவந்து வைக்கிறார். சினிமா பின்னணி இசையில் நாங்கள் தினமும் போடும் கணக்கு இது. அதை அவர் 28 வயதில், சினிமாவே இல்லாமல் போட்டிருக்கிறார்.

'குளோசர்' பாடலின் டிரம்ஸையும் சொல்ல வேண்டும். இகி பாப்பின் 'நைட்கிளப்பிங்' பாடலிலிருந்து எடுத்த கிக் டிரம் அது. ஆனால் உருத்தெரியாமல் மாற்றியிருக்கிறார். அடிக்கும்போது தோல் அதிர்கிற சத்தம் இல்லை, ஏதோ வால்வு மூடுகிற மாதிரி, காற்று அடைபடுகிற மாதிரி. பாட்டு முழுக்க அது மாறவே மாறாது. மேலே ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தனியாக ஒரு கீபோர்டை மட்டும் விட்டுவைப்பார். அந்த இடத்தை நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

#5 இரும்புக்கடை

கிரிஸ்டோஃபர்சன் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். நான் அதை அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை.

ஆனால் நீங்கள் சொன்ன ஆல்பம் எந்த வீட்டில் பதிவானது என்பதையும் சொல்லுங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் 10050 சியலோ டிரைவ். 1969-இல் நடிகை ஷாரன் டேட்டும் நண்பர்களும் கொல்லப்பட்ட வீடு. அதை வாடகைக்கு எடுத்து உள்ளே ஸ்டூடியோ அமைத்து, 'லே பிக்' என்று பெயர் வேறு வைத்தார். கொலையாளிகள் கதவில் ரத்தத்தால் எழுதிய சொல் 'பிக்' (பன்றி) என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயர் எவ்வளவு கொடுமை என்று புரியும்.

#6 பழைய கேசட்

அதை நியாயப்படுத்த முடியாது, நானும் முயற்சி செய்யப்போவதில்லை. பிற்பாடு ஷாரன் டேட்டின் தங்கை அவரை நேரில் பார்த்து, என் அக்கா சாவை வைத்துப் பிழைக்கிறாயா என்ற பொருளில் கேட்டார். அந்தக் கேள்வியில் தான் நொறுங்கிப்போனதை ரெஸ்னரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதுவரை அந்த வீட்டைத் தன் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்ததாகவும், இழந்தவர்களின் பக்கத்திலிருந்து முதன்முறையாக அப்போதுதான் பார்த்ததாகவும் சொன்னார். வீட்டை 1994-இல் இடித்துவிட்டார்கள்.

#7 யாழினி ரொறன்ரோ

வணக்கம் எல்லோருக்கும். நான் கனநாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன், இன்றுதான் எழுதுகிறேன். இதைப் பற்றிக் கதைக்க எனக்கு நிறைய இருக்கிறது.

2008 ஆகஸ்ட் மாதம் ரொறன்ரோவுக்கு அவர்கள் வந்தபோது நான் போயிருந்தேன். வேலைத்தலத்தில் கூட வேலை செய்த பிள்ளை ஒருத்தியிடம் ஒரு ரிக்கெட் மிஞ்சியிருந்தது, அதனால் போனது. எனக்கு இரண்டு பாட்டு மட்டும்தான் தெரியும். அம்மாவுக்குத் தேவாரக் கச்சேரி என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன்.

முதல் அரைமணி நேரம் நெஞ்சு அதிர்ந்தது. பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேணும். மேடைக்கு முன்னால் வலை மாதிரி ஒரு பெரிய ஒளித்திரை இறங்கியது. அதற்கு முன்னால், விளிம்போடு ஐந்து பேரும் சின்னச் சின்ன வாத்தியங்களோடு வந்து நின்றார்கள். நின்று வாசிக்கிற பெரிய பாஸ் ஒன்று, மரத்தால் செய்த தட்டு வாத்தியம் ஒன்று. 'கோஸ்ட்ஸ்' தொகுப்பிலிருந்து வாசித்தார்கள். பாட்டே இல்லை. பின்னால் திரையில் ஒரு சதுப்பு நிலம், மழை. அவ்வளவு பெரிய அரங்கில் பத்தாயிரம் பேருக்கு மேல் இருந்திருப்பார்கள், எனக்குப் பக்கத்தில் நின்றவரின் மூச்சு எனக்குக் கேட்டது.

பிறகு டிரம்ஸ் வாசிக்கும் ஜோஷ் ஃப்ரீஸ் திரைக்குக் கிட்டப் போனார். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வெளிச்சம். ஒவ்வொரு கட்டமாகக் கையால் தொட்டார். தொட்டது எரிந்தது, எரிந்தது அடித்தது. அந்தச் சுவரே ஒரு டிரம் மெஷின் என்று அப்போதுதான் விளங்கியது. இன்னொரு பாட்டில் திரை முழுக்கப் பழைய ரிவி மாதிரிப் புள்ளி இரைச்சல், ரெஸ்னர் நகர நகர அவர் நிற்கும் இடத்தில் மட்டும் அது விலகி அவர் முகம் தெரியும்.

தெருவிளக்கு, உங்கள் கேள்விக்கு அந்த இரவே பதில். அமைதியும் கத்தலும் ஒரே மேடையில், பத்து நிமிட இடைவெளியில் இருந்தன.

#8 தெருவிளக்கு

யாழினி, படிக்கும்போதே சிலிர்க்கிறது. மிக்க நன்றி.

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது 'த ஃப்ரஜைல்' பற்றி. 1999 செப்டம்பர். இரட்டை ஆல்பம், ஒன்றேமுக்கால் மணி நேரம். 'டவுன்வர்ட் ஸ்பைரல்' வந்து ஐந்து வருடம் கழித்து வந்தது. முதல் வாரம் 2,28,000 பிரதிகள் விற்று அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். அடுத்த வாரமே 16-ஆம் இடத்துக்கு விழுந்தது. எல்லோரும் தோல்வி என்று எழுதினார்கள்.

அந்த ஐந்து வருடத்தில் அவரை வளர்த்த பாட்டி கிளாரா 1997-இல் இறந்துபோனார். குடியும் போதையும் தலைக்கு மேல் போயிருந்தன. மெட்டுப் போட என்று கலிஃபோர்னியாவின் பிக் சர் கடற்கரையில் தனியாக ஒரு வீட்டில் போய் இருந்தபோது, கடலைப் பார்த்தபடி பியானோவில் அமைத்ததுதான் 'லா மேர்'. கடல் என்றே பொருள். ஒரு பெண்குரல் கிரியோல் மொழியில் கொஞ்சம் பேசும். பியானோ ஒரே வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும், பாஸ் வந்து சேரும், டிரம்ஸ் வந்து சேரும், மறுபடி எல்லாம் போய்ப் பியானோ மட்டும் நிற்கும். சாக நினைத்துக்கொண்டிருந்த ஒருவர் அமைத்தது என்று தெரிந்தபிறகு கேட்டால், அந்தச் சுழற்சிக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது.

'சோஷியல் நெட்வொர்க்' அங்கேதான் தொடங்குகிறது, 2010-இல் அல்ல. யார் என்ன சொன்னாலும் எனக்கு அவருடைய ஆகச்சிறந்த வேலை 'த ஃப்ரஜைல்'தான். என் தங்கைக்கு இது நீளமாகவும் சோர்வாகவும் இருக்கிறதாம். நானும் அவளும் இதைப் பற்றி ஆறு வருடமாகச் சண்டை போடுகிறோம்.

#9 கல்லூரிச்சாலை

தங்கை சொல்வதில் நியாயம் இருக்கிறது, மன்னிக்கவும். இரண்டாவது வட்டில் மூன்று பாட்டை எடுத்திருக்கலாம். 'ஸ்டில்' கேட்டிருக்கிறீர்களா? 2002. பழைய பாடல்களைப் பியானோவும் கொஞ்சம் வாத்தியமும் வைத்து மறுபடி பாடியது, கூடவே சில புதிய இசைத்துண்டுகள். ஒரு மணி நேரம்கூட இல்லை. நீங்கள் சொல்லவந்த எல்லாமே அதில் இருக்கிறது.

#10 பழைய கேசட்

இதற்கு நடுவில் நடந்ததையும் சேர்த்துவிடலாம். 2000-இல் லண்டனில் போதை மிஞ்சி மருத்துவமனை. 2001-இல் சிகிச்சைக்குப் போய் எல்லாவற்றையும் நிறுத்தினார். தெளிந்து எழுந்தபோது கணக்கைப் பார்த்தால் பணம் இல்லை. முன்னாள் மேலாளர் மீது வழக்குப் போட்டு, 2005-இல் நியூயார்க் நடுவர் குழு சுமார் 30 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது.

அதே நேரத்தில்தான் ஜானி கேஷ் விஷயமும். 'த டவுன்வர்ட் ஸ்பைரல்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'ஹர்ட்'டை 2002-இல் அமெரிக்கக் கன்ட்ரி பாடகரான கேஷ் பாடினார். எழுபதைத் தொட்ட, நோயால் தளர்ந்த குரல். ஒரு வரியில் ஒரே சொல்லை மாற்றி, கிரீடத்தை முள்கிரீடம் ஆக்கினார். மார்க் ரோமனெக் எடுத்த காணொளியை ஸ்டூடியோவில் பார்த்த ரெஸ்னர், இனி அது தன் பாட்டு இல்லை என்று உணர்ந்ததாகச் சொன்னார். 'குளோசர்' காணொளியை எடுத்தவரும் அதே ரோமனெக்தான். கேஷ் 2003 செப்டம்பரில் காலமானார்.

என் அப்பா ஆங்கிலப் பாட்டே கேட்காதவர். ஒருநாள் நான் அந்தக் காணொளியை ஓடவிட்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். முடியும்வரை நின்றார். இந்தத் தாத்தா யார் என்று மட்டும் கேட்டார்.

#11 ஒலிப்பலகை

மூலப் பாட்டையும் விட்டுவிடக்கூடாது. கேஷ் பதிப்பில் கிடார் சுத்தமான ராகத்தில் போகும். ரெஸ்னர் பதிப்பில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சுரம் வேண்டுமென்றே உரசிக்கொண்டு நிற்கும். கேஷ் திரும்பிப் பார்த்துப் பாடுகிறார். ரெஸ்னர் அந்த நிமிடம் உள்ளே மாட்டிக்கொண்டு பாடுகிறார். கடைசியில் திடீரென ஒரு பெரிய கிடார் வெடிப்பு, பிறகு வெறும் இரைச்சல், அது மெல்லக் கரையும். ஆல்பம் அங்கே முடிகிறது.

#12 கல்லூரிச்சாலை

எனக்கு அவர் மேல் மதிப்பு வந்ததே 2007-08 காலத்தால்தான். அதை யாரும் பேசவில்லையே.

'இயர் ஸீரோ' வருவதற்கு முன்னால், 2007 பிப்ரவரியில், லிஸ்பன் கச்சேரி நடந்த இடத்தின் கழிவறையில் ஒரு யூஎஸ்பி கிடந்தது. எடுத்தவர் கணினியில் போட்டால் வெளிவராத புதுப் பாட்டு. கச்சேரியில் விற்ற சட்டையில் சில எழுத்துகள் மட்டும் தடிப்பாக அச்சாகியிருக்கும், சேர்த்துப் படித்தால் ஒரு இணையதள முகவரி. அதற்குள் போனால் எதிர்கால அமெரிக்காவைப் பற்றிய கதை. ஆல்பம் வெளியாகும் முன்பே கேட்பவர்கள் கதைக்குள் இருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர் வேண்டுமென்றே விட்ட பாட்டைப் பகிர்ந்தவர்களுக்கு இசை நிறுவனங்களின் சங்கம் எச்சரிக்கை அனுப்பியது.

அதே வருடம் ஆஸ்திரேலியாவில் தன் ஆல்பத்தை நிறுவனம் அநியாய விலைக்கு விற்கிறது என்று தெரிந்து, சிட்னி மேடையில் நின்று, திருடிக்கொள்ளுங்கள் என்றே சொன்னார். ஒப்பந்தம் முடிந்ததும், 2008 மார்ச்சில் யாருக்கும் சொல்லாமல் 'கோஸ்ட்ஸ்' வந்தது. பத்து வாரத்தில் உருவாக்கிய 36 துண்டுகள், பெயர்கூட இல்லை, எண் மட்டும்தான். முதல் பகுதி இலவசம். முழுவதும் 5 டாலர். 300 டாலர் பதிப்பு 2,500 பெட்டி, கையெழுத்தோடு. அது இரண்டு நாளுக்குள் தீர்ந்துவிட்டது. முதல் வாரத்தில் 16 லட்சம் டாலர். அதுவும் வணிகத்துக்கு அல்லாமல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில். இரண்டு மாதத்தில் 'த ஸ்லிப்' ஆல்பத்தை முழுக்க இலவசமாகவே கொடுத்துவிட்டார்.

நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. சட்டப்படி, காசில்லாமல், முழுத் தரத்தில் ஒரு பெரிய இசைக்குழு எனக்கு ஒரு ஆல்பம் கொடுத்தது அதுதான் முதல் முறை. பிரௌசிங் சென்டரில் இரண்டு மணி நேரம் இறக்கி, சிடியில் எழுதிக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்கு வந்தேன்.

#13 ஒலிப்பலகை

அந்த 'கோஸ்ட்ஸ்' கதை அங்கே முடியவில்லை. 34-ஆவது துண்டில் பாஞ்சோ மாதிரி ஒரு நரம்பிசை வரும். நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு இளைஞர் அதை எடுத்துத் தாளம் சேர்த்து இணையத்தில் விற்பனைக்கு வைத்தார். 30 டாலர் கொடுத்து வாங்கியவர் அமெரிக்க ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸ். 'ஓல்ட் டவுன் ரோட்' ஆகி 2019-இல் 19 வாரம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். ரெஸ்னர், ராஸ் இருவர் பெயரும் அதில் பாடலாசிரியர்களாக இருக்கிறது.

'த ஹேண்ட் தட் ஃபீட்ஸ்' பாடலின் தனித்தனித் தடங்களையும் 2005-லேயே வெளியிட்டார். நான் வேலை கற்றதே அதில்தான். ஒவ்வொன்றாக மியூட் போட்டுக் கேட்பேன். தனியாக எந்தத் தடமும் பயமுறுத்தாது. சேரும்போதுதான் சுவராகிறது. எனக்குக் குரு என்று நான் நேரில் பார்க்காத ஒருவர் உண்டென்றால் அவர்தான்.

#14 இரும்புக்கடை

இவ்வளவையும் வாசித்தபிறகு என் நிலையைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், மனதில் உள்ளதைச் சொல்லுங்கள். 2021-இல் 'ஸோல்' படத்துக்கு ஜான் பட்டீஸ்டோடு சேர்ந்து இரண்டாவது ஆஸ்கர். 2025-இல் 'ட்ரான்: ஏரஸ்' படத்துக்கு இசை. எல்லாம் டிஸ்னி. 1992-இல் தன் நிறுவனத்துக்கே தெரியாமல், வேறு பெயரில் ஸ்டூடியோ எடுத்து 'ப்ரோக்கன்' பதிவு செய்தவர், இன்று உலகத்தின் மிகப்பெரிய பொழுதுபோக்கு நிறுவனங்களில் ஒன்றுக்கு வேலை செய்கிறார். இது அதே ஆள்தானா?

#15 தெருவிளக்கு

கேள்வி நியாயமானது. இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் 'ஸோல்' என்றீர்கள், நான் 'பேட் விட்ச்' ஆல்பத்தைச் சொல்கிறேன். அதுவும் விருதெல்லாம் வாங்கிய பிறகு, 2018-இல் வந்தது. அரைமணி நேரம்தான். பழைய கேசட் அண்ணா நினைவில் வைக்கச் சொன்ன சாக்ஸபோன் அதில்தான் வருகிறது, அவரே வாசிக்கிறார். 1995-இல் பிரிட்டிஷ் பாடகர் டேவிட் பௌவியோடு சேர்ந்து ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போனவர். பௌவி 2016 ஜனவரியில் இறந்தார். அந்த சாக்ஸபோனில் பௌவி இருக்கிறார். எந்த வானொலியும் போடாத, யாரும் கேட்டு வாங்காத இசை. அதைச் செய்த கைகள்தான் இரண்டே வருடத்தில் 'ஸோல்' செய்தன.

'ட்ரான்' படத்துக்கு அவர்கள் நைன் இஞ்ச் நெய்ல்ஸ் என்ற பெயரில் இசையமைத்தார்கள். சினிமாப் பின்னணி இசையில் அந்தப் பெயர் வருவது அதுதான் முதல் தடவை. இத்தனை வருடம் தனித்தனியாக வைத்திருந்த இரண்டு கணக்கையும் அவரே ஒன்றாக்கிவிட்டார் என்றுதான் அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

#16 இரும்புக்கடை

'பேட் விட்ச்' நான் கேட்டதில்லை. கேட்டுவிட்டு வருகிறேன்.

#17 யாழினி ரொறன்ரோ

இன்னொரு சின்ன விஷயம். நான் சொன்ன அந்த ஜோஷ் ஃப்ரீஸ் 2025-இல் திரும்பி வந்துவிட்டார். இடையில் 2009-இலிருந்து வாசித்த இலான் ரூபின் ஃபூ ஃபைட்டர்ஸ் என்ற ராக் குழுவுக்குப் போனார், ஃபூ ஃபைட்டர்ஸில் இருந்த ஃப்ரீஸ் இங்கே வந்தார். செய்தி வந்த அன்று அந்தக் கூட வேலை செய்த பிள்ளைக்கு அனுப்பினேன். 17 வருடத்துக்குப் பிறகு கதைத்தோம். அவளுக்கும் அந்த எரியும் கட்டங்கள் அப்படியே நினைவிருக்கிறது.

#18 ஒலிப்பலகை

தெருவிளக்கு, நீங்கள் முதலில் சொன்ன அந்தப் பியானோவைப் பற்றி ஒன்று. 'ஹேண்ட் கவர்ஸ் ப்ரூஸ்' என்று பெயர். படத்தில் அதே மெட்டு மூன்று இடங்களில் வரும். வாசிப்பு அதேதான், ஆனால் ஒவ்வொரு முறையும் மைக்கைப் பியானோவிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். கதாநாயகன் தனிமைப்பட்டுப்போவதைச் சொல்ல வேறு எதையும் மாற்றவில்லை. மூன்றையும் அடுத்தடுத்து, நல்ல ஹெட்ஃபோனில், ஒலியளவைத் தொடாமல் கேளுங்கள்.

#19 இரும்புக்கடை

'பேட் விட்ச்' நான்கு முறை கேட்டேன். நான்காவது பாட்டில் அந்த சாக்ஸபோன் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு ஒரு நடை போய்வந்தேன். இண்டஸ்ட்ரியலா இல்லையா என்ற பேச்சை இனி நான் எடுக்கமாட்டேன்.

#20 தெருவிளக்கு

ஒலிப்பலகை சொன்னபடி நேற்றிரவு கேட்டேன். பதினைந்து வருடமாகக் கேட்கிற மெட்டு, இதைக் கவனித்ததே இல்லை. முதலாவதில் சுத்தியல் கம்பியைத் தொடுவதுகூடக் கேட்கிறது, விரல் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டாவதில் பியானோ அறையின் மறுகோடிக்குப் போய்விட்டது. மூன்றாவதில் அது பக்கத்து அறையில், கதவு பாதி சாத்தியிருப்பதுபோல. அடியில் இருந்த ரீங்காரம் மட்டும் இன்னும் என் காதோடு நிற்கிறது.

விளக்கை அணைத்துவிட்டு, அதே ஒலியளவில் 'ஹர்ட்' முடிவையும் வைத்தேன். தங்கை எழுந்து வந்து, இது அந்தப் பியானோக்காரர்தானே என்றாள். பெயர் சொல்லவில்லை, நான் எதையும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.